முன்னிலை பெற்ற பிறகு என்ன? இந்திய ஹாக்கி அணியின் பலமும் பலவீனமும்

பிகாரின் ராஜ்கிரில் 2025 செப்டம்பர் 7-ஆம் தேதி தென்கொரியாவை 4-1 என்று வீழ்த்தி இந்திய ஆண்கள் ஹாக்கி அணி ஆசியக் கோப்பையை வென்றது. உலகக் கோப்பைக்கான இடமும் அந்த வெற்றியோடு கைக்கு வந்தது. அதற்கு மூன்றே மாதங்களுக்கு முன்பு இதே அணி ஐரோப்பாவில் தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோற்றிருந்தது. "இந்த இரண்டில் எது உண்மையான இந்திய அணி? 2026 உலகக் கோப்பையில் இவர்களை நம்பலாமா?" என்பது கேள்வி. ஹாக்கியை அணுக்கமாகப் பார்க்கிற எல்லோரையும் இந்தக் கேள்வி அரித்துக்கொண்டிருக்கிறது. விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டுமே உண்மையான இந்திய அணிதான். உலகின் முதல் ஆறு அணிகளில் எதோடு மோதினாலும் கடைசி ஐந்து நிமிடம் வரை ஈடுகொடுக்கும் தரம் இவர்களிடம் இருக்கிறது. அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தை, குறிப்பாக முன்னிலையில் இருக்கும்போது, எப்படி ஆடுவது என்பதில்தான் கோளாறு. பின்தங்கியிருக்கும்போது பிரமாதமாக ஆடுகிற அணி, முன்னிலை பெற்றதும் சுருங்கிவிடுகிறது. பொதுவாகப் பேசப்படும் மற்றக் குறைகளில் பாதி இதன் கிளைகள்.

முதலில் பலத்தைப் பேசுவோம். நம்மவர்கள் அதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

2023-இல் கிரெய்க் ஃபுல்டன் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த அவர் அயர்லாந்து அணியை வளர்த்தவர். டோக்கியோவில் தங்கம் வென்ற பெல்ஜியம் அணியின் பயிற்சிக் குழுவிலும் இருந்தவர். வந்ததும் அவர் சொன்னது, வெல்வதற்காகத் தற்காத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். கேட்டவுடன் பலருக்குக் கசந்தது. தாக்கி ஆடுவதே இந்திய ஹாக்கியின் அடையாளம் என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தத் தாக்கும் அழகுக்கு நாம் கொடுத்த விலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணிதான், அதே போட்டியின் குழு ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று நொறுங்கியது. அரையிறுதியில் பெல்ஜியத்துக்கு எதிராக 2-1 என்று முன்னிலை பெற்று 2-5 என்று தோற்றது. பெல்ஜியத்தின் அலெக்சாண்டர் ஹென்ட்ரிக்ஸ் ஒருவரே மூன்று கோல் அடித்தார்.

ஃபுல்டனின் அணி அப்படி நொறுங்குவதில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் எட்டு ஆட்டங்களில் எந்த அணியும் இந்தியாவுக்கு எதிராக மூன்று கோலுக்கு மேல் அடிக்கவில்லை. மூன்று அடித்ததும் ஜெர்மனி மட்டும்தான். பந்து எதிரணியிடம் இருக்கும்போது இந்திய வீரர்கள் நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். முன்கள வீரர்கள் பந்தைப் பறிக்கப் பாய்வதில்லை. எதிரணியின் தற்காப்பு வீரர் நடுவழியே பந்தைக் கொடுக்க முடியாதபடி பாதையை அடைத்து, பக்கக்கோட்டை நோக்கி அவரை ஒதுக்குகிறார்கள். அங்கே போனதும் இருவர் சேர்ந்து நெருக்குகிறார்கள். பக்கக்கோடே மூன்றாவது தற்காப்பு வீரராகிவிடுகிறது. பார்வையாளர்கள் கைதட்டாத வேலை இது. ஆனால் பதினாறு பேர் கொண்ட அணியில் ஒருவர் இதில் சோம்பினாலும் ஓட்டை விழுந்துவிடும்.

இந்தக் கட்டுக்கோப்பின் உச்சம் பாரிஸ் காலிறுதி. கிரேட் பிரிட்டனுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் 17-ஆவது நிமிடத்தில் தற்காப்பு வீரர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மீதி 43 நிமிடங்களைப் பத்துப் பேரோடு ஆட வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங் கோல் அடித்து முன்னிலை தந்தார். பிரிட்டன் சமன் செய்தது. அதற்குப் பிறகு முழு இரண்டாம் பாதியும் இந்தியாவின் கோலுக்கு முன்னுள்ள வட்டத்தைச் சுற்றியே நடந்தது, ஆனால் இரண்டாவது கோல் விழவில்லை. சமனான ஆட்டத்தில் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் ஷூட்அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றது. ராஜ்குமார் பால் கடைசிப் பந்தை வலைக்குள் தள்ளிய அந்தக் கணத்தை விடவும் எனக்கு அந்த 43 நிமிடங்கள்தான் பெரிது. இந்திய ஹாக்கியில் என் காலத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த கூட்டுத் தற்காப்பு அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். அந்த நாளில் ஜர்மன்பிரீத் சிங், சுமித், சஞ்சய் ஆகியோர் ஓடிய ஓட்டத்துக்கு எந்தப் பதக்கமும் ஈடில்லை.

இரண்டாவது பலம் ஹார்திக் சிங். ஒரு வீரரைத் தனிப் பலமாகச் சொல்வது சரியா என்று கேட்கலாம். இவர் விஷயத்தில் சரிதான். தற்காப்பிலிருந்து பந்தை வாங்கி, இரண்டு பேரை உடலசைவாலேயே ஏமாற்றி, முப்பது நாற்பது மீட்டர் பந்தைத் தானே கொண்டுபோய், எதிரணி தன்னை நோக்கிக் குவிந்த பிறகு பந்தை விடுவிக்கும் நடுக்கள வீரர் உலகிலேயே சிலர்தான் இருப்பார்கள். 2023 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தொடைத்தசைக் காயத்தால் அவர் வெளியேறியதும் இந்திய அணி எப்படித் தடுமாறியது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காலிறுதிக்கு முந்தைய குறுக்குச் சுற்று ஆட்டத்தில் நியூசிலாந்திடம் ஷூட்அவுட்டில் தோற்று, சொந்த மண்ணில் காலிறுதிக்குக்கூடப் போகாமல் வெளியேறினோம். அவருக்குத் துணையாக விவேக் சாகர் பிரசாத் இருக்கிறார். இவர் ஆர்ப்பாட்டமில்லாதவர். அவரது சிறப்பு, பந்து எங்கே இழக்கப்படும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து அங்கே நிற்பது. இந்த இருவரும் நல்ல நிலையில் இருக்கும் நாளில் நடுக்களத்தில் இந்தியா எவருக்கும் தாழ்ந்ததில்லை.

உடல்திறன் பற்றி ஒரு வார்த்தை. "செயற்கைத் தரை வந்தது, ஐரோப்பியர்களின் உடல்வலிமைக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியவில்லை" என்ற பழைய புலம்பல் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 1976 மாண்ட்ரியலில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஒலிம்பிக் ஹாக்கி நடந்தபோது அது உண்மை. இந்தியா அங்கே ஏழாவது இடம்தான் பிடித்தது. இன்றைக்கு அது பொருந்தாது. பத்துப் பேரோடு 43 நிமிடம் ஓடிய அணியைப் பார்த்து உடல்திறன் இல்லை என்று சொல்வது அந்த வீரர்களின் உழைப்பை அவமதிப்பது.

இனி பெனால்டி கார்னர். வட்டத்துக்குள் தற்காப்பு அணி தவறு செய்தால், கோல்கோட்டிலிருந்து தள்ளிவிடும் பந்தை வட்டத்தின் விளிம்பில் நிறுத்திக் கோலை நோக்கி அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு அது. இது பலமா பலவீனமா என்று பிரித்துச் சொல்ல முடியாத இடம்.

பாரிஸில் இந்தியா மொத்தம் 15 கோல் அடித்தது. அதில் 10 ஹர்மன்பிரீத் அடித்தவை. போட்டியிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான். அந்த ஆண்டின் சிறந்த வீரராக உலக ஹாக்கி சம்மேளனம் அவரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. பந்தை மட்டையால் இழுத்து வீசும் அவரது டிராக் ஃபிளிக்கின் வலிமை வேகம் மட்டுமல்ல. கடைசி நொடிவரை மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று காட்டிக்கொடுக்காத நிதானம்தான் அவரது ஆயுதம். கூடவே, பின்களத்திலிருந்து அறுபது மீட்டர் தூரத்துக்குத் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கி அனுப்பும் அவரது திறமை எதிரணியின் நெருக்குதல் முழுவதையும் ஒரே அடியில் கடந்துவிடுகிறது.

ஆனால் மற்ற 5 கோல்களைப் பாருங்கள். அபிஷேக் இரண்டு, மன்தீப் சிங், விவேக் சாகர், சுக்ஜீத் சிங் ஆளுக்கு ஒன்று. எட்டு ஆட்டங்களில் அவ்வளவுதான். ஹர்மன்பிரீத் அடிக்காத நாளில் இந்தியா எப்படி வெல்லும் என்ற கேள்விக்குப் பாரிஸில் பதில் கிடைக்கவே இல்லை. அவர் கோல் அடிக்காத ஒரே ஆட்டம் பெல்ஜியத்துக்கு எதிரானது. அதில் 1-2 என்று தோற்றோம்.

ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு 11 பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. கோலானவை இரண்டே. ஹர்மன்பிரீத்தைக் குறை சொல்வது சுலபம். நான் சொல்லமாட்டேன். சிவப்பு அட்டையால் ரோஹிதாஸ் அந்த ஆட்டத்தில் தடை செய்யப்பட்டிருந்தார். இரண்டாவது ஃபிளிக்கர் இல்லாததால் பந்து யாரிடம் வரும் என்பது ஜெர்மனிக்கு முன்பே தெரிந்திருந்தது. அவர்களின் முதல் ஓட்டக்காரர் கோல்கோட்டிலிருந்து நேராக ஹர்மன்பிரீத்தின் மட்டையை நோக்கியே பாய முடிந்தது. ரோஹிதாஸ் இல்லாதது வேறு விதத்திலும் அடித்தது. எதிரணி பெனால்டி கார்னர் எடுக்கும்போது பந்தை நோக்கி உயிரைப் பணயம் வைத்து ஓடும் நம் முதல் ஓட்டக்காரரும் அவர்தான். அன்று ஜெர்மனியின் கோன்சாலோ பெய்யாட் பெனால்டி கார்னரில் கோல் அடித்தார். ஒரே வீரரின் ஒரே நாள் இல்லாமையால் தாக்குதலும் தற்காப்பும் சேர்ந்து நொண்டின என்றால், அது அணி அமைப்பின் குறை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெனால்டி கார்னரில் வேறு வழிகளை இந்தியா மிகக் குறைவாகவே முயல்கிறது. நேரடி ஃபிளிக், திரும்பவும் நேரடி ஃபிளிக், அதற்குப் பிறகும் அதுவே. பந்தை நிறுத்தியதும் பக்கவாட்டில் தள்ளி வேறொருவர் அடிப்பது, கோலருகே நிற்பவர் மட்டையால் திசைமாற்றிவிடுவது போன்ற வகைகளைப் பெல்ஜியமும் நெதர்லாந்தும் ஆட்டத்துக்கு ஆட்டம் கலைத்து அடுக்குகின்றன. சுக்ஜீத் அந்த அரையிறுதியில் அடித்த கோல் இப்படித் திசைமாற்றி வந்ததுதான். அதுவே நமக்குப் பாடமாகியிருக்க வேண்டும்.

முன்களத்துக்கு வருவோம். அபிஷேக்கை எனக்கு மிகவும் பிடிக்கும். வட்டத்துக்குள் நுழைந்ததும் கோலை மட்டுமே பார்க்கும் பசி இந்தியாவில் அரிது. அது அவரிடம் இருக்கிறது. பாரிஸில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 12-ஆவது நிமிடத்தில் அவர் அடித்த கோல்தான் வெற்றிக்கு வழிதிறந்தது. 1972 மியூனிக்கிற்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை நாம் வென்றது அன்றுதான். ராஜ்கிர் ஆசியக் கோப்பையில் தொடரின் சிறந்த வீரரும் அவரே. சுக்ஜீத் அயராத உழைப்பாளி. மன்தீப் கோலருகே சிதறும் பந்துகளை மோப்பம் பிடிப்பவர்.

இவ்வளவு இருந்தும், பெனால்டி கார்னர் இல்லாமல் ஆட்டத்தின் ஓட்டத்தில் வரும் ஃபீல்டு கோல் ஏன் வறண்டுபோகிறது? என் கணிப்பில் இது தனித்திறன் சார்ந்த சிக்கலில்லை. வட்டத்துக்குள் போனதும் இந்திய முன்களம் எதிரியின் காலைத் தேடுகிறது. பந்து காலில் பட்டால் பெனால்டி கார்னர், அங்கே ஹர்மன்பிரீத் இருக்கிறார் என்ற கணக்கு. ஆண்டுக்கணக்கில் இந்தக் கணக்கிலேயே ஆடியதால், கோலை நோக்கி அடிக்க வேண்டிய அரை நொடியில் பந்தை நிறுத்திக் காலைத் தேடும் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. பலவீனமான அணிகள் காலைக் கொடுத்துவிடும். நெதர்லாந்தின் தற்காப்பு வீரர் மட்டையைத் தரையோடு படுக்கவைத்துப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். ஹர்மன்பிரீத் என்ற பெரும் பலமே முன்களத்தின் கூர்மையை மழுங்கடித்திருக்கிறது என்பது என் நெடுநாள் வருத்தம்.

அதனால்தான் ராஜ்கிர் இறுதி ஆட்டம் என்னை உற்சாகப்படுத்தியது. கோப்பைக்காக அல்ல, கோல்கள் வந்த விதத்துக்காக. அதே தொடரின் முதல் ஆட்டத்தில் சீனாவை 4-3 என்று வென்றபோது நான்கு கோல்களும் பெனால்டி கார்னரில் வந்தவை. ஹர்மன்பிரீத் மூன்று, ஜுக்ராஜ் சிங் ஒன்று. இறுதி ஆட்டத்திலோ சுக்ஜீத் முதல் நிமிடத்திலேயே கோல் அடித்தார், தில்பிரீத் சிங் இரண்டு அடித்தார், மூன்றுமே ஃபீல்டு கோல்கள். நான்காவதைப் பெனால்டி கார்னரில் ரோஹிதாஸ் அடித்தார். ஹர்மன்பிரீத் கோல் எதுவும் அடிக்காமலேயே இந்தியா ஓர் இறுதி ஆட்டத்தை மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றது. பத்து நாள்களுக்குள் அணி இப்படி மாறியது தற்செயலாக இருக்க முடியாது. பயிற்சியாளர்கள் ஏதோ சொல்லியிருக்கிறார்கள், முன்களம் கேட்டிருக்கிறது.

இப்போது மூல வியாதிக்கு வருகிறேன்.

2025 ஜூன் மாதம் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த, உலகின் முன்னணி அணிகள் மோதும் புரோ லீக் ஆட்டங்களின் முடிவுகளை வரிசையாகப் பாருங்கள். நெதர்லாந்திடம் 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. ஆஸ்திரேலியாவிடம் 2-3, 2-3. பெல்ஜியத்திடம் 3-6. கடைசி ஆட்டத்தில் பெல்ஜியத்தை 4-3 என்று வென்றோம். ஒன்பது அணிகளில் எட்டாவது இடம். ஏழு தோல்விகளில் ஆறு ஒரே கோல் வித்தியாசத்தில் வந்தவை. நெதர்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஹர்மன்பிரீத் அடித்த கோலால் முன்னிலை பெற்று, சமனாகி, 58-ஆவது நிமிடத்தில் தோற்றோம். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அபிஷேக் அடித்த இரண்டு கோல்களால் 2-0 என்று முன்னிலை பெற்று, கடைசி நிமிடத்தில் 2-3 என்று இழந்தோம்.

இது அந்த ஒரு மாதத்தின் கதையாக இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்தோம், 3-3 ஆனது, ஷூட்அவுட்டில் போனது. டோக்கியோ அரையிறுதியைச் சொல்லிவிட்டேன். பாரிஸ் அரையிறுதியில் 7-ஆவது நிமிடத்திலேயே முன்னிலை பெற்றோம். அதே பாரிஸில் பெல்ஜியத்துக்கு எதிராகவும் முதல் கோல் நம்முடையதே. இன்னும் பின்னே போனால் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டி அரையிறுதியில் மலேசியாவுக்கு எதிராக 2-1 என்று இருந்தபோது, முடிய ஓரிரு நிமிடங்கள் இருக்கையில் சமன் ஆகி ஷூட்அவுட்டில் தோற்றோம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்துக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் வாங்கிய கோல் அரையிறுதி வாய்ப்பையே பறித்தது. அந்தத் தலைமுறை ரசிகர்களுக்கு அது இன்னும் ஆறாத புண்.

இதற்கு நேர்மாறான பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ வெண்கல ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கி 5-4 என்று வென்றோம். ஒலிம்பிக் பதக்கத்துக்கான 41 ஆண்டுக் காத்திருப்பு அன்று முடிந்தது. 2023-இல் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் இடைவேளையின்போது 1-3 என்று பின்தங்கியிருந்தோம். ரசிகர்கள் ஓயாமல் குரல் கொடுத்தார்கள். 45-ஆவது நிமிடத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல், பிறகு ஆகாஷ்தீப் சிங் அடித்த கோலில் 4-3 என்று கோப்பை. பாரிஸில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 59-ஆவது நிமிடத்தில் சமன் செய்தோம்.

இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இந்த அணியிடம் துணிச்சலுக்கும் குறைவில்லை, கடைசி நேரத்தில் ஓடுவதற்கான மூச்சுக்கும் குறைவில்லை. பின்தங்கும்போது வெளிப்படும் அவை, முன்னிலையில் ஏன் காணாமல் போகின்றன?

களத்தில் நடப்பது இதுதான். ஒரு கோல் முன்னிலை கிடைத்ததும், அதுவரை எதிரணியின் எல்லையிலேயே தொடங்கிய நெருக்குதல் மெல்ல மெல்ல நடுக்கோட்டுக்கும், பிறகு நமது 23 மீட்டர் கோட்டுக்கும் இறங்கி வருகிறது. யாரும் சொல்லி இறங்குவதில்லை, பயத்தால் கால் தானாகப் பின்வாங்குகிறது. ஹார்திக் தற்காப்புக்கு உதவ ஆழமாக இறங்குகிறார். இதனால் எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்ததும் அதைக் கொண்டுபோக ஆளில்லை. முன்னே ஒற்றை ஆளாக நிற்கும் சுக்ஜீத்தை நோக்கி நீளமாக அடிக்கிறார்கள். மூன்று தற்காப்பு வீரர்களுக்கு நடுவில் அவர் என்ன செய்வார்? பத்து நொடியில் பந்து திரும்பி வருகிறது. இப்படி ஆறேழு முறை வந்தால் அதில் ஒன்று காலில் படும், பெனால்டி கார்னர் ஆகும். ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் அது போதும்.

தற்காப்பு என்பதைப் பந்து இல்லாமல் செய்யும் வேலையாக மட்டுமே இந்தியா கற்றிருக்கிறது. பந்தை வைத்துக்கொண்டு தற்காப்பது வேறு கலை. ஜெர்மனி ஒரு கோல் முன்னிலையோடு கடைசி ஐந்து நிமிடத்தில் என்ன செய்கிறது என்று கவனித்திருப்பீர்கள். பந்தை நமது மூலைக்குக் கொண்டுபோய், பக்கக்கோட்டருகே நம் காலில் தட்டி அடுத்தடுத்துத் தனியடிகள் வாங்கி, நிமிடங்களைத் தின்றுவிடுகிறார்கள். நம்மிடம் கோலை நோக்கிப் போவது, கோலைக் காப்பது ஆகிய இரண்டு நிலைகள்தான் உண்டு. நடுவே பந்தைச் சும்மா சுற்றவிட்டு எதிரியை அலையவைக்கும் மூன்றாவது நிலை இன்னும் வரவில்லை.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பாரிஸ் வெண்கல ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராக 33-ஆவது நிமிடத்தில் 2-1 என்று முன்னிலை பெற்று அதை இறுதிவரை காத்தோம். ஆனால் அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தையும் பார்க்க வேண்டும். ஸ்பெயினுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது, தடுத்தவர் கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷ். டோக்கியோவிலும் ஜெர்மனியின் கடைசி நொடிப் பெனால்டி கார்னரைத் தடுத்தது அவர்தான். இரண்டு வெண்கலங்களும் கடைசியில் ஒரே மனிதரின் கையுறையில் நின்றன. பாரிஸோடு அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் அணிந்த 16-ஆம் எண்ணையே ஹாக்கி இந்தியா சீனியர் அணியில் இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தது.

அவருக்குப் பிந்தைய கோல்கீப்பர்களான கிருஷன் பதக்கும் சூரஜ் கர்கேராவும் திறமையற்றவர்கள் அல்ல. பதக் நெடுங்காலம் ஸ்ரீஜேஷின் நிழலில் நின்று கற்றவர். அவரது கால்வேகம் எனக்குப் பிடிக்கும். ஸ்ரீஜேஷ் தந்தது பந்தைத் தடுப்பது மட்டுமல்ல. அறுபது நிமிடமும் கத்திக்கொண்டே இருப்பார். யார் யாரைப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பின்னாலிருந்து அணியை நகர்த்துவார். பின்வாங்கும் கால்களை முன்னே விரட்டிய குரல் அது. முன்னிலை பெற்றதும் சுருங்கும் வியாதி அவர் போன பிறகு முற்றியதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஹர்மன்பிரீத் இயல்பில் அமைதியானவர். ஹார்திக்கோ மன்பிரீத் சிங்கோ அந்தக் குரலை எடுத்துக்கொள்ள வேண்டும். நானூறுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களை ஆடிய மன்பிரீத்தின் மதிப்பு, களத்தில் அவர் ஓடும் தூரத்தைவிட இதில்தான் அதிகம்.

ஆசியாவில் இந்தக் குறை ஏன் தெரிவதில்லை? ஃபுல்டன் வந்த பிறகு 2023 சென்னை, அதே ஆண்டு ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு, 2024 சீனாவின் ஹுலுன்பூயிர், 2025 ராஜ்கிர் என்று ஆசிய அளவில் ஆடிய நான்கு பெரிய போட்டிகளையும் இந்தியா வென்றிருக்கிறது. பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் ஆசிய அணிகளுக்கு எதிராக இந்தியா சுருங்கினாலும் அதைத் தண்டிக்கும் பெனால்டி கார்னர் நிபுணர்கள் பெரும்பாலும் அங்கே இல்லை. ராஜ்கிரிலேயே சீனா மூன்று கோல் அடித்தது, ஜப்பான் 3-2 வரை இழுத்தது, கொரியா ஒருமுறை 2-2 என்று சமன் செய்தது. கோப்பை கையில் இருக்கும்போது இந்த முடிவுகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும்.

மாற்று வீரர்கள் விஷயத்தில் எனக்குக் கவலையும் நம்பிக்கையும் கலந்தே இருக்கின்றன. மன்பிரீத்தும் ரோஹிதாஸும் முப்பதைத் தாண்டிவிட்டவர்கள். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் வரை இருவரும் இதே வேகத்தில் ஓடுவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. முதல் ஓட்டக்காரராக ரோஹிதாஸுக்குப் பிறகு யார் என்பதற்கு இன்னும் தெளிவான பதில் இல்லை. மறுபக்கம், 2025 நவம்பர் – டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் ஸ்ரீஜேஷ் பயிற்சியளித்த அணி வெண்கலம் வென்றது. அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் அடித்து 4-2 என்று வென்ற அந்த ஆட்டம் கண்ணுக்கு விருந்து. ஆனால் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று விழுந்தோம். 2021-லும் 2023-லும் ஜூனியர் அரையிறுதியில் நம்மைத் தோற்கடித்ததும் ஜெர்மனிதான். பின்தங்கினால் எழுவது, பெரிய ஐரோப்பிய அணியிடம் அரையிறுதியில் தடுக்குவது என்ற வழக்கம் ஜூனியர்களிடமே தொடங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டு ரசிகராக ஒன்று சொல்ல ஆசை. அரியலூரைச் சேர்ந்த எஸ். கார்த்தி 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்து அறிமுகமானவர். கோவில்பட்டியின் எஸ். மாரீஸ்வரனும் அதே தொடரில் ஆடினார். வட்டத்துக்குள் யோசிக்காமல் அடிக்கும் துணிவு கார்த்தியிடம் உண்டு. மேலே நான் சொன்ன காலைத் தேடும் பழக்கம் அவரிடம் குறைவு. முன்களத்தில் அவருக்குத் தொடர்ச்சியான வாய்ப்பு தர வேண்டும் என்று நான் கேட்பது ஊர்ப்பாசத்தால் மட்டுமல்ல. 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய வாசுதேவன் பாஸ்கரன் பிறந்த மண்ணிலிருந்து நீண்ட காலம் ஒருவரும் நிலையான இடம் பிடிக்கவில்லை என்ற ஏக்கமும் அதில் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

உலகக் கோப்பைக்கு வருவோம். 2026 ஆகஸ்டில் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் நடக்கிறது, நாம் ஏழு ஆட்டங்களைத் தொடர்ந்து இழந்த அதே நாடுகளில். 1975-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று கோப்பை தூக்கியதற்குப் பிறகு இந்தியா இந்தப் போட்டியில் அரையிறுதிக்குக்கூடச் சென்றதில்லை. ஒலிம்பிக்கில் அடுத்தடுத்து இரண்டு பதக்கம் வென்ற அணிக்கு இது பொருந்தாத வரலாறு. உலகக் கோப்பை முடிந்து மூன்று வாரங்களில் ஜப்பானில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதில் தங்கம் வென்றால் லாஸ் ஏஞ்சலிஸுக்கு நேரடித் தகுதி. இதனால் உலகக் கோப்பையில் யாரையாவது காத்து வைக்கலாமா என்ற எண்ணம் நிர்வாகத்துக்கு வரக்கூடும். வரவே கூடாது என்பேன்.

என் கணிப்பைக் கேட்டால், ஹார்திக் காயமின்றி இருந்தால் இந்தியா அரையிறுதிக்குப் போகும். இறுதி ஆட்டத்துக்குப் போகும் என்று இன்றைய நிலையில் சொல்லத் துணிய மாட்டேன். ஆட்டங்களைப் பார்க்கும்போது கோல் எண்ணிக்கையை மறந்துவிட்டு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தியா ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் நான்காவது கால் பகுதியில் ஹார்திக் எங்கே நிற்கிறார்? நடுக்கோட்டுக்கு முன்னே நின்றால் அணி திருந்திவிட்டது. நமது வட்டத்தின் விளிம்பில் நின்றால், சமன் செய்யும் கோல் எந்த நிமிடம் வரும் என்பது மட்டும்தான் மிச்சம்.